நர்சிங் முடித்த மகளுக்கு எம்.பி.எச். சரிவருமா? பென்னாகரத்துத் தகப்பனாருக்கு ஒரு பதில்

ஐயா, நீங்கள் கேட்டது இதுதான்: மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டாள், சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொது சுகாதார முதுகலை, அதாவது எம்.பி.எச். சேர வேண்டும் என்கிறாள். இரண்டு வருடம் போகும், லட்சக்கணக்கில் செலவாகும். முடித்தால் டாக்டரா, அரசு வேலை உண்டா?

டாக்டர் ஆக முடியாது. எம்.பி.எச். படித்தவர் மருந்து எழுதக் கூடாது, கிளினிக் வைக்கக் கூடாது. நகராட்சி, மாநகராட்சிகளில் இருக்கும் சுகாதார அலுவலர் பதவி எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் பொது சுகாதாரம் படித்த மருத்துவர்களுக்கானது. சுகாதார ஆய்வாளர் பணிக்கு அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துப் பணம் கட்டியவர்கள்தான் பிறகு அதிகம் வருந்துகிறார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அப்படியானால் எதற்கு இந்தப் படிப்பு? 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை எழுதுவது டாக்டர் வேலை. மாத்திரை வாங்கும் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு பிரஷர் 140/90-க்குக் கீழே இறங்கியது, இறங்காதவர்கள் எந்தக் கிராமத்தில் இருக்கிறார்கள், மாத்திரை போய்ச் சேரவில்லையா, வாங்கியும் சாப்பிடவில்லையா என்று கண்டுபிடிப்பது பொது சுகாதாரம் படித்தவர் வேலை. இந்தக் கேள்விகள் உங்கள் மகளை இழுக்கின்றன என்றால் படிப்பு பொருந்தும். வார்டு வேலை அலுத்துவிட்டது என்பது மட்டும்தான் காரணம் என்றால் பொருந்தாது.

நான்கு செமஸ்டரில் கொள்ளைநோயியல் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று கணக்கிடும் பாடம்), உயிரியல் புள்ளியியல், சுகாதார நிர்வாகமும் கொள்கையும், சுற்றுச்சூழல் சுகாதாரம், சமூக நடத்தையியல் ஆகியவை அடிப்படைப் பாடங்கள். அதன்பின் களப்பயிற்சி, கடைசியில் ஆய்வேடு. நர்சிங் பிள்ளைகள் தடுமாறுவது புள்ளியியலில்தான். சேருவதற்கு முன் மூன்று மாதம் எக்செல்லில் பிவட் டேபிள் (தகவலைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) வரை கற்றுக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் ‘ஆர்’ புள்ளியியல் மென்பொருளில் கொஞ்சம் கை பழகிவிட்டால் முதல் செமஸ்டர் பயம் பாதி குறைந்துவிடும்.

பட்டத்தின் மதிப்பு ஆய்வேட்டில் இருக்கிறது. வேலை நேர்காணலில் தோண்டித் தோண்டிக் கேட்பதும் அதைத்தான். நம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைக்குத் தலைப்பு வீட்டு வாசலிலேயே இருக்கிறது: குடிநீரில் புளோரைடு. அது அளவுக்கு மிஞ்சினால் பல்லில் கறை படியும். ஆனால் இதில் சறுக்கும் இடங்கள் பல. 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது; அதற்கு முன் குடித்த தண்ணீர் வேறு. பல்லில் தெரியும் கறையோ, பல் உருவான சிறு வயதில் குடித்த தண்ணீரின் அடையாளம். இன்றைய குழாய்த் தண்ணீரை மட்டும் அளந்து இன்றைய கறையோடு ஒப்பிட்டால் முடிவு தப்பாகத்தான் வரும். பிள்ளை முதல் எட்டு வயதுவரை எந்த ஊரில், எந்த போர் தண்ணீர் குடித்தது என்று தாயிடம் கேட்டு எழுத வேண்டும். தண்ணீர் மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுக்கக் கூடாது, பிளாஸ்டிக் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும்; புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும்.

எத்தனை பேரைப் பார்ப்பது என்பதையும் குத்துமதிப்பாக முடிவு செய்யக் கூடாது. பாதிப்பு 50 சதவீதம், பிழை வரம்பு 5 சதவீதம் என்று எடுத்தால் 4×50×50÷25, அதாவது 400 பேர் (பாதித்தவர் சதவீதம் 50, பாதிக்காதவர் சதவீதம் 50, பிழை வரம்பின் வர்க்கம் 25; 4 என்பது சூத்திரத்தின் எண்). கிராமம் கிராமமாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால் அதை இரட்டிப்பாக்கி 800 என்று வைப்பது வழக்கம். ஒரு மாணவி தனியாக 800 வீடு ஏற இரண்டு, மூன்று மாதம் வேண்டும். ஆய்வில் மக்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வராமல் ஒரு வீட்டிலும் தகவல் எடுக்க முடியாது. அதனால் மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடு பார்க்க வேண்டுமென்றால் சுகாதாரத் துறை அனுமதி தனி. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் போனால் கேள்வித்தாள் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்க வேண்டும். தமிழில் அச்சடித்ததை அங்கே நின்றபடியே வாய்மொழியாகப் பெயர்த்துக் கேட்டால், வீட்டுக்கு வீடு கேள்வி மாறிப் போகும்.

வேலை விஷயத்துக்கு வருவோம். தேசிய சுகாதார இயக்கத்தின் மாவட்டப் பணிகள், ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், பெரிய மருத்துவமனைகளின் தொற்றுக் கட்டுப்பாடு மற்றும் தரப் பிரிவுகள் ஆகியவற்றில் இடம் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை மகளும் நீங்களும் தெரிந்தே ஏற்க வேண்டும். இந்தப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்புகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இணையதளத்திலேயே வருகின்றன. பழைய அறிவிப்புகள் ஐந்தாறைத் திறந்து கல்வித் தகுதி வரியைப் படியுங்கள். சிலவற்றில் மருத்துவப் பட்டத்தோடு எம்.பி.எச். என்றிருக்கும், சிலவற்றில் எம்.பி.எச். மட்டும் போதும். ஏஜென்ட் சொல்வதைவிட இந்த ஒரு மணி நேர வாசிப்பு அதிகம் சொல்லும்.

எங்கள் கருத்து, உடனே சேர வேண்டாம். ஒன்றிரண்டு வருடம் துணை சுகாதார நிலையத்தில் எம்.எல்.எச்.பி. எனும் இடைநிலை சுகாதாரப் பணியாளராகவோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டுப் போகட்டும். சில நல்ல நிறுவனங்கள் அனுபவம் கேட்கின்றன. கேட்காத இடத்திலும் களம் பார்த்த பிள்ளைக்குப் பாடம் வேகமாகப் பிடிபடும். 1997இல் இந்தியாவின் முதல் எம்.பி.எச். தொடங்கிய திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு ஓசூர் சாலையிலேயே உள்ள நிமான்ஸ் மனநல நிறுவனம் எல்லாவற்றின் நுழைவு அறிவிப்புகளையும் பார்க்கட்டும். இடங்கள் குறைவு, போட்டி உண்டு. ஆனாலும் சென்னையிலுள்ள அந்த ஒரே பல்கலைக்கழகத்தோடு தேடலை முடித்துக்கொள்ள வேண்டாம்.

மகள் சொன்ன, சென்னையிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்தை நேரில் பார்க்கப் போனால் கட்டடத்தைக் காட்டுவார்கள். நீங்கள் நூலகத்தில் போன வருட ஆய்வேடுகளைக் கேளுங்கள். இரண்டாம் வருட மாணவர்கள் இருவரிடம், களப்பயிற்சிக்கு எந்த ஊருக்கு எத்தனை நாள் போனீர்கள், புள்ளியியல் வகுப்பில் கணினி உண்டா, போன பேட்ச் எங்கே வேலையில் இருக்கிறது என்று தனியாகக் கேளுங்கள். நூறு சதவீத வேலை என்ற நோட்டீஸுக்குப் பெயர்ப் பட்டியல் தராத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

கல்விக்கடனுக்கு வித்யா லட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கிடையாது. ஆனால் படிக்கும் காலத்திலும் வட்டி ஓடும். 5 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால் படிப்பு இரண்டு வருடம், தவணைத் தளர்வு ஒரு வருடம் சேர்ந்து வட்டி மட்டும் 1.5 லட்சம். மாதம் நாலாயிரம் ரூபாய் போல வட்டியைக் கட்டிக்கொண்டே வந்தால் அந்தச் சுமை சேராது.

வெளிநாட்டுப் பேச்சு வந்தால் ஒன்று மட்டும். அமெரிக்காவில் எம்.பி.எச். பொதுப் பிரிவுக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி 12 மாதம்தான். கொள்ளைநோயியல், உயிரியல் புள்ளியியல் பிரிவுகள் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால் மேலும் 24 மாதம் கேட்கலாம். சேர்க்கை எந்தப் பிரிவின் குறியீட்டில் என்பதைப் பணம் கட்டும் முன்பே அந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த முடிவு எடுத்தாலும், தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் பதிவை மகள் இப்போதே முடித்துவிடட்டும். எம்.பி.எச். வேலைக்கு நடுவில் இடைவெளி வந்தால் நர்ஸ் வேலைக்குத் திரும்ப அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும்.