அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய பாணி கன்ட்ரி கிரீன் பீன்ஸை வீட்டில் எப்படிச் செய்வது?

புகையூட்டிய இறைச்சியோடு பீன்ஸை நெடுநேரம் வேகவைத்துச் சுண்டவைக்கும் சமையல் இது. கேள்வி கேட்டவர் ஜார்ஜியாவில் ஒரு நண்பர் வீட்டில் இதைச் சாப்பிட்டிருக்கிறார். தாம் செய்தபோது பீன்ஸ் கூழானதே தவிர அந்த ருசி வரவில்லை, எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று கேட்கிறார். நேரத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் பீன்ஸைப் பாருங்கள்.

நாம் பீன்ஸ் வாங்கும்போது பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்குவோம், விதை தட்டுப்பட்டால் ஒதுக்கிவிடுவோம். இந்தச் சமையலுக்கு நேர்மாறாகப் பொறுக்க வேண்டும். தோலுக்கு மேலேயே விதை புடைத்துத் தெரிய வேண்டும், ஆனால் காய் இன்னும் பச்சையாக, ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். அந்த விதைதான் இரண்டு மணி நேரம் வெந்து மாவுபோல் ஆகி, சாற்றுக்குக் கெட்டித்தன்மை தருகிறது. விதையே இல்லாத ஒல்லிப் பீன்ஸை அத்தனை நேரம் கொதிக்கவிட்டால் கூழாவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் இருப்பது டென்னசியின் கிழக்கே, அப்பலாச்சிய மலைப்பகுதியில். இங்கே எழுதுவது எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்த செய்முறை. அவர் கைக்கணக்கில் போடுவார், அளவுகள் நான் கூட நின்று குறித்துக்கொண்டவை.

இந்தப் பக்கத்தில் ஒயிட் ஹாஃப் ரன்னர் என்ற வகையைத்தான் பெரும்பாலும் தேடி வாங்குவார்கள். தோலில் சுணையே இல்லாமல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் க்ரீஸி பீன்ஸ் கிடைத்தால் அதற்கு இன்னும் மதிப்பு. ஜூலை, ஆகஸ்டில் உழவர் சந்தைகளிலும் சாலையோரக் கடைகளிலும் கிடைக்கும். ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் இந்த மலைகளில் சோளத்தண்டில் பீன்ஸ் கொடியை ஏற்றி வளர்த்தவர்கள். அந்தப் பழக்கமும் விதையைக் குடும்பத்துக்குள் காப்பாற்றி வைக்கும் வழக்கமும் இன்றும் இருக்கின்றன. கென்டக்கியில் பெரியா என்ற ஊரில் பில் பெஸ்ட் என்பவர் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான குடும்ப விதைகளைத் திரட்டிக் காத்தார். கடைக்கு வரும் புதிய வகைகள் இயந்திர அறுவடையையும் நெடுந்தூரப் பயணத்தையும் தாங்குவதற்காக உருவாக்கப்பட்டவை. விதை திரளுவதற்குள் அவற்றின் தோல் தடித்துப்போகும். பழைய வகைகளில் விதை நிறைந்த பிறகும் தோல் மென்மையாகவே இருக்கும்.

அதற்கு ஈடாக நார் உரிக்கும் வேலை உண்டு. நாரில்லாத பீன்ஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது, நியூயார்க் மாநிலத்தின் கால்வின் கீனி உருவாக்கியது. பழைய வகைகளில் காம்பு நுனியை ஒடித்து, விட்டுவிடாமல் முதுகோடு கீழே இழுத்தால் நார் முழு நீளத்துக்கும் வரும். பிறகு வால் நுனியை ஒடித்து மறுபக்கம் இழுக்க வேண்டும். பாதியில் அறுந்தால் நகத்தால் கிள்ளி மீண்டும் பிடிக்க வேண்டும். கத்தியால் நறுக்காதீர்கள், கையால் இரண்டு அங்குலத் துண்டுகளாக ஒடியுங்கள். நார் எங்கேயாவது தங்கியிருந்தால் ஒடிக்கும்போதே தெரிந்துவிடும். இந்த வேலையை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். எத்தனை மணி நேரம் கொதித்தாலும் நார் கரையாது, சாப்பிடுகிறவர் வாயில்தான் சிக்கும்.

இனி சமையல். புகையூட்டிய பன்றிக் கால்மூட்டு ஒன்று, அல்லது உப்புக்கண்டமாகக் கிடைக்கும் கொழுப்பு இறைச்சி 100 கிராம். அதை அடிகனமான பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீரில் போட்டு முதலில் தனியாக ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். உப்பும் புகைவாசமும் தண்ணீரில் இறங்கிய பிறகே 900 கிராம் பீன்ஸையும், பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயத்தையும், அரை டீஸ்பூன் மிளகுத்தூளையும் சேர்க்க வேண்டும். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி வைத்து, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் விடுங்கள். பச்சை நிறம் போய் மங்கிய ஆலிவ் நிறம் வரும். வரத்தான் வேண்டும், சோடா உப்புப் போட்டு நிறத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம். தக்காளி சேர்ப்பதாக இருந்தால் கடைசியில்தான். புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்பது நம் சமையலறையில் தெரிந்த சங்கதி, இங்கும் அதே கதைதான்.

இறக்க அரை மணி நேரம் இருக்கும்போது தோலோடு சிறிய உருளைக்கிழங்குகளை மேலே பரப்பலாம். கிழங்கு வெந்ததும் மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள். சமையலின் உயிர் இந்தக் கடைசிக் கட்டம்தான். தண்ணீர் சுண்டிச் சுண்டி, அடியில் இரண்டு மூன்று கரண்டி சாறு மட்டும் நின்று, கொழுப்பு ஒவ்வொரு துண்டின் மேலும் படிந்து மினுமினுக்க வேண்டும். இந்த இடத்தில் ருசி பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும், இறைச்சியிலேயே நிறைய உப்பு இருக்கும். கேள்வி கேட்டவர் சாப்பிட்ட அந்த ருசி இப்படிச் சுண்டவைத்ததில் வந்தது, வெறும் கொதிப்பில் வராது.

குக்கரில் வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம். இறைச்சி வெந்த தண்ணீரில் மூன்று விசில், பிறகு திறந்து அதே போலச் சுண்டவையுங்கள். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கர் என்றால் மட்டும் கவனம் தேவை. திரண்ட விதையில் வயிற்றைக் கெடுக்கும் லெக்டின் என்ற புரதம் உண்டு, மிதமான சூட்டில் அது அழியாது. அடுப்பில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே அதில் மாற்ற வேண்டும்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் புகையூட்டிய வான்கோழிக் கால் போடலாம், இங்கே பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். சைவத்தில் அதே ருசி வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் தாராளமாக வெண்ணெயும், கொஞ்சம் ஸ்மோக்ட் பாப்ரிகாவும் (புகையூட்டிய மிளகாய்ப்பொடி) சேர்த்துக் கடைசிவரை சுண்டவைத்தால் நல்ல சாப்பாடு. தமிழ்நாட்டில் செய்கிறவர்கள் சந்தையில் சற்று முற்றிய பீன்ஸாகக் கேட்டு வாங்கி, உரித்த பட்டர் பீன்ஸ் ஒரு கைப்பிடி சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊரிலும் முற்றிய காய்களின் விதையை உரித்துக் கூடப் போடுவது உண்டு.

இரும்புச் சட்டியில் சுட்ட, சர்க்கரை போடாத சோளரொட்டி, தடிமனாக நறுக்கிய தக்காளி, பச்சை வெங்காயம், இவை போதும் தொட்டுக்கொள்ள. அடியில் நின்ற சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மீந்தால் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் சிறு தீயில் சூடாக்குங்கள், ருசி இன்னும் கூடியிருக்கும். சூடாக்கும்போது தண்ணீர் மட்டும் சேர்க்க வேண்டாம்.