ஸ்ட்ராட் இரைச்சலுக்கு எந்த பிக்கப்?

கேள்வி: என் ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிதாரில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டால் தாங்க முடியாத இரைச்சல். மரத்தைக் குடையாமல் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பை (தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) மட்டும் மாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். வாங்குமுன் கிதாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். திசைக்குத் திசை இரைச்சல் கூடிக் குறைந்தால் காரணம் ஒற்றைச் சுருள் பிக்கப்தான்; சுற்றிலும் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தை அது வாங்கிக்கொள்கிறது. மாறவே இல்லையென்றால் முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள்.

ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) அளவிலேயே, இரைச்சலைக் குறைக்கும் ஹம்பக்கர் பிக்கப் கிடைக்கிறது. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள், எதிரெதிர் காந்த முனை: இரைச்சல் கழிந்துபோகும், தந்தி ஒலி கூடும். தந்திக்கு ஒரு முனை என்றில்லாமல் நீளப் பட்டை கொண்ட பிளேடு வகையே நல்லது; தந்தி இடைவெளி பொருந்துமா என்ற கவலை இல்லை.

ஒயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட வரும் படத்தை மட்டுமே நம்புங்கள். சால்டர் வைத்தபின் நடு பிக்கப்போடு சேர்த்து வாசிக்கையில் கனத்த அடியொலி காணாமல் ஒலி மெலிந்தால், இரண்டின் ஃபேஸ் (அலையின் திசை) எதிராக இருக்கிறது. புதிய பிக்கப்பின் சிக்னல், எர்த் ஒயர்களை இடம் மாற்றுங்கள். உறையில்லாத வெறும் கம்பி மட்டும் எர்த்திலேயே இருக்கட்டும்.

ஹம்பக்கருக்கு 500கே (கிலோ ஓம்) பாட், அதாவது வால்யூம், டோன் குமிழுக்கு அடியிலுள்ள மாறும் மின்தடை, வேண்டும் என்பார்கள். வேண்டாம், 250கே இருக்கட்டும். மாற்றினால் மற்ற இரண்டு பிக்கப்பும் கீச்சிடும். பிக்கப்பின் உயரத்துக்கு, கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தி, தந்திக்கும் பிக்கப்புக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்குங்கள்.