கேள்வி – பதில்: வைஃபை வேறு, இணையம் வேறு

கேள்வி: கைப்பேசியில் வைஃபை குறி முழுமையாகத் தெரிகிறது, ஆனால் எந்தத் தளமும் திறப்பதில்லை. கேட்டால் மோடம், ரவுட்டர், ஐ.பி. முகவரி என்று ஆளுக்கொரு சொல்லைச் சொல்கிறார்கள். இவற்றை விளக்க முடியுமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: அந்தக் குறி உங்கள் கைப்பேசிக்கும் வீட்டிலுள்ள ரவுட்டருக்கும் இடையே உள்ள ரேடியோ தொடர்பின் வலிமையை மட்டுமே காட்டுகிறது, ரவுட்டரைத் தாண்டி வெளியே இணைப்பு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. வைஃபை வேறு, இணையம் வேறு என்பது மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற சொற்கள் எளிதில் விளங்கிவிடும்.

ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை வழியே ஒளியாக வரும் தகவலை மின்சைகையாக மாற்றுவது ஓ.என்.டி. என்னும் பெட்டி. தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த நாளில் அந்த இடத்தில் இருந்தது மோடம்; பழக்கத்தால் இன்றும் பலர் ஓ.என்.டி.யையும் மோடம் என்றே சொல்கிறார்கள். உள்ளே வந்த ஒரே இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்து, எந்தக் கருவி எதைக் கேட்டதோ அதை அதனிடமே சேர்ப்பது ரவுட்டர். கம்பியின்றி ரேடியோ அலையாக அனுப்பும் பகுதிக்கு அக்சஸ் பாயின்ட் என்று பெயர். இம்மூன்றும் இப்போது பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுவதால்தான் பெயர்கள் குழம்புகின்றன.

பகிர்வதற்கு அடையாளம் வேண்டுமல்லவா? அதற்காக ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரியைத் தருகிறது, வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இப்படித் தானாக முகவரி வழங்கும் முறையே டி.எச்.சி.பி. உங்கள் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் கணினி தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். மாறாக, பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை. இழை எங்கேனும் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். கைப்பேசியில் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, சேவை நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும்.

கேள்வி: 100 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். கோப்பைப் பதிவிறக்கும்போது 12 எம்.பி. என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா? – மதுரை வாசகர்

பதில்: இல்லை. திட்டத்தின் வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. பதிவிறக்கம் மெகாபைட்டில் காட்டப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட். உங்களுக்கு வர வேண்டியது ஏறத்தாழ முழுமையாகவே வருகிறது.

கேள்வி: எங்கள் ரவுட்டர் 2.4, 5 என்று இரண்டு வைஃபை பெயர்களைக் காட்டுகிறது. எதில் இணைவது? – கோவை வாசகர்

பதில்: அந்தப் பெயருக்கு எஸ்.எஸ்.ஐ.டி. என்று பெயர், 2.4, 5 என்பவை கிகாஹெர்ட்ஸ் அளவில் அலைவரிசைகள். 5 வேகம் மிக்கது, ஆனால் சுவரைக் கடக்கும்போது விரைவில் வலுவிழக்கும், 2.4 மெதுவானது, ஆயினும் அடுத்த அறை வரை நன்றாகச் செல்லும். ரவுட்டர் உள்ள கூடத்தில் 5-லும் பின்கட்டில் 2.4-லும் இணையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் 2.4-ஐ ஒட்டியே இயங்குவதால் அதில் நெரிசல் அதிகம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டு ரவுட்டர்களும் சேர்ந்துகொள்ளும். 2.4 அலைவரிசை சேனல்கள் என்னும் எண்ணிட்ட உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது; அங்கே ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததை ரவுட்டரின் அமைப்பில் தேர்ந்தெடுப்பது நல்லது. பலர் செய்வதுபோல ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். உலோகம் அலையைத் தடுத்துவிடும்.