காணாமல் போன ராணுவ வீரரின் தேயிலைத் தோட்டம் யாருக்கு?

கேள்வி: நாங்கள் கோத்தகிரி பக்கம். வெலிங்டனில் ராணுவத்தில் சேர்ந்த என் பெரியப்பா, 1971 டிசம்பர் போரில் மேற்கு முனையில் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை. அடுத்த வருடக் கடைசியில் வாகா வழியாகத் திரும்பிய தோழர் ஒருவர், பாகிஸ்தான் காவலில் அவரை உயிரோடு பார்த்ததாகச் சொன்னார். பிள்ளைகள் இல்லை. அவர் சம்பாத்தியத்தில் வாங்கிய தேயிலைத் தோட்டம் அவர் பெயரிலேயே இருக்கிறது. பாட்டி 1988இல் காலமானார். இறப்புச் சான்று இல்லாமல் வாரிசு சான்று கிடையாது என்கிறது தாலுகா அலுவலகம். 1971இல் இறந்ததாகத் தீர்ப்பு வாங்கலாம் என்கிறார்கள் சித்தப்பாக்கள். பெரியம்மாவோ, "செத்துட்டார்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்கிறார்.

பதில்: பெரியம்மா அப்படிக் கையெழுத்துப் போடவே வேண்டாம். முதலில் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

தகவல் வந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு வருடமாக ஒருவரைப் பற்றிச் செய்தி இல்லை என்றால், அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 108ஆம் பிரிவு. 2024 ஜூலையில் வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 111. ஆகவே மனுவில் "இறந்துவிட்டார்" என்று எழுத வேண்டியதில்லை. "1972 கடைசியில் தோழர் சொன்னதற்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை" என்று எழுதினால் போதும். அது உண்மை. பெரியம்மாவின் மனசாட்சிக்கும் உறுத்தாது. நாளை பெரியப்பாவே வந்து நின்றால், இறந்திருப்பார் என்ற இந்த அனுமானம் உடைந்துவிடும்.

அடுத்து அந்தத் தேதி. சித்தப்பாக்கள் 1971ஐப் பிடித்துக்கொள்வதன் விளைவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பெரியப்பா அன்றே இறந்திருந்தால் தோட்டத்தில் பாதி பெரியம்மாவுக்கு, பாதி அப்போது உயிரோடிருந்த பாட்டிக்கு. பாட்டியின் பாதி பிறகு சித்தப்பாக்களுக்கும் உங்கள் அப்பாவுக்கும் வரும். 1988க்குப் பிந்தைய தேதி என்றால் முழுத் தோட்டமும் பெரியம்மாவுக்கு. அனுராதா வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஏழு வருட விதி மரணத்தை மட்டும்தான் அனுமானிக்கும், இறந்த தேதியை அல்ல. குறிப்பிட்ட தேதி வேண்டும் என்பவர் அதை நிரூபிக்க வேண்டும். ஓய்வூதியத்துக்காக ராணுவப் பதிவேட்டில் ஒரு தேதி எழுதியிருந்தால் அதைக் காட்டுவார்கள். அதற்கு எதிரான சாட்சிதான் அந்தத் தோழர். அவர் இருக்கிறாரா என்று உடனே விசாரியுங்கள். நடமாட முடியாத வயது என்றால், நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் வீட்டுக்கே போய் அவர் சாட்சியத்தைப் பதிவு செய்யலாம்.

1988க்குப் பிந்தைய தேதி என்றால் உங்கள் அப்பாவுக்கும் இதில் பங்கு இல்லாமல் போகும். தெரிந்தேதான் சொல்கிறேன். அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்கும் பெண்ணின் நிலத்தை, யாரும் நிரூபிக்காத ஒரு தேதியால் பாதியாக்குவது நியாயமில்லை.

சரி, வழக்கு. உங்கள் பகுதி உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு, அதாவது பெரியப்பா இறந்ததாகக் கருதலாம் என்று நீதிமன்றமே அறிவிக்கக் கோரும் வழக்கு. தாசில்தாரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பதால், இரண்டு மாதம் முன்பே அரசுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பெண் என்பதால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், ஊட்டியிலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

தீர்ப்பு வாங்கினால் பெரியப்பாவைத் தேடச் சொல்லும் உரிமை போய்விடுமா என்று பெரியம்மா பயப்படலாம். போகாது. போர் நின்றதும் கைதிகளைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்கிறது மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 118ஆம் விதி. இந்தியா தன்னிடம் இருந்த சுமார் 93,000 பேரை 1974க்குள் அனுப்பி முடித்தது. நம்மவர்கள் 83 பேர் திரும்பவில்லை, அதில் 54 பேர் போர்க் கைதிகள் என்று நம் அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. பாகிஸ்தான் மறுக்கிறது. 2007இல் உறவினர்கள் அங்குள்ள சிறைகளுக்கே போய்த் தேடிப் பார்த்தும் பலனில்லை. குடும்பங்களுக்கு ஒரு பதிலாவது சொல்ல வேண்டிய கடமை இரண்டு அரசுகளுக்கும் இன்னும் இருக்கிறது.

சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி ரிட் போடலாமா என்றால், பெரியம்மாவின் சேமிப்பை அதில் கொட்டாதீர்கள். மத்திய அரசு அங்கே போக வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மேலும், பாகிஸ்தான் தொடுத்த வழக்குகளில் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று வாதாடியதே இந்தியாதான்.

அதைவிட, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போடுங்கள். வெலிங்டன் பதிவு அலுவலகத்திடம் பெரியப்பாவின் பணிப் பதிவேட்டுக் குறிப்புகளைக் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்திடம், அந்த 83 பேரில் அவர் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று வந்தால், தோழரின் சாட்சியத்தை இணைத்து, பெயரைச் சேர்க்கச் சொல்லி பெரியம்மா கையெழுத்தில் மனு அனுப்புங்கள். 2008 ஒப்பந்தப்படி ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் இரு நாடுகளும் கைதிகள் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. அதற்கு முன்பே மனு போய்ச் சேரட்டும்.