ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) அதிகம் பகிரப்படும் ஆய்வுக் கட்டுரை, மேற்கோளிலும், அதாவது பிற ஆய்வுக் கட்டுரைகள் அதைச் சான்றாகக் குறிப்பிடுவதிலும், முந்துமா?

கொஞ்சம் முந்தும். ஆனால் பந்தயம் கட்டும் அளவுக்கு இல்லை.

இந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டது, 2011-இல் குந்தர் ஐசன்பாக் வெளியிட்ட ஆய்வு. அதிகம் ட்வீட் செய்யப்பட்ட கட்டுரைகள் அதிக மேற்கோள் பெறும் வாய்ப்பு, மற்றவற்றைவிட 11 மடங்கு என்றார். கேட்கப் பிரமாதம்தான். ஆனால் அவர் ஆராய்ந்தது ஒரே ஒரு மருத்துவ இணைய இதழை. அதுவும் அவரே ஆசிரியராக இருந்த இதழை! பல துறைகளையும் சேர்த்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு மிகவும் மெலிந்துபோனது.

வியப்பில்லை. ட்வீட் போடத் தலைப்பை மேய்ந்தாலே போதும். மேற்கோள் காட்டுபவரோ அதே துறையில் உழைத்து, தானும் ஒரு கட்டுரை எழுதி, அது சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வைத் தாண்டி அச்சேறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ட்விட்டர் அந்தக் கட்டுரையை மறந்தே போயிருக்கும். மெண்டலி போன்ற தளங்களில் கட்டுரையைச் சேமித்துவைப்போர் எண்ணிக்கை இதைவிட நம்பகமானது. சேமிப்பவர்களில் ஆய்வு மாணவர்களே அதிகம்; பின்னாளில் மேற்கோள் காட்டப்போவதும் அவர்கள்தானே.

மேற்கோளையும் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020 மே மாதம் ‘லான்செட்’ மருத்துவ இதழில், கொரோனாவுக்குத் தரப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைப் பற்றி வந்த கட்டுரையை உலகமே பேசியது. தரவு நம்பத்தக்கதல்ல என்று இரண்டே வாரத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறப்பட்டதைக் குறிப்பிடாமலேயே பிறகும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் உண்டு.