மே மாத ஓவியப் பயிலரங்கு: இஎம்ஐ போட்டுப் போகலாமா?

கேள்வி: நான் சென்னையில் ஃப்ரீலான்ஸாகப் படம் வரைகிறேன். சிவகாசி நிறுவனங்களுக்குக் காலண்டர் படங்கள், சிறுவர் இதழ்களுக்கு ஓவியங்கள். வருமானம் சராசரியாக மாதம் 55,000 ரூபாய். ஏப்ரல் முதல் ஜூலை வரை 90,000 வரை வரும். தீபாவளிக்குப் பிறகு 20,000-க்கு இறங்கிவிடும். வீட்டுச் செலவு 38,000. சில மாதங்களாக நான் வரையும் மலையும் ஆறும் எல்லாம் ஒன்றுபோலவே வருகின்றன. வரையவே அலுப்பாக இருக்கிறது. மே மாதம் கொடைக்கானலில் 6 நாள் நிலக்காட்சி வாட்டர்கலர் பயிலரங்கு நடக்கிறது. தங்குமிடம், காலை உணவு உட்பட 28,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சேமிப்புக் கணக்கில் 40,000, எஃப்.டி-யில் 2 லட்சம் இருக்கிறது. கிரெடிட் கார்டில் 9 மாத 'நோ காஸ்ட்' இஎம்ஐ-யாகக் கட்டலாம் என்கிறார்கள். போகலாமா? வருமான வரியில் இதைக் கழிக்க முடியுமா?

பதில்: போகலாம். ஆனால் இந்த மே மாதம் வேண்டாம், இஎம்ஐ-யும் வேண்டாம். அடுத்த ஜனவரி கடைசியில் போகும்படி திட்டமிடுங்கள்.

முதலில் இதன் முழுச் செலவைப் பார்ப்போம். 28,000-க்கு 18% ஜிஎஸ்டி 5,040, ஆக 33,040. மதியம், இரவுச் சாப்பாட்டுக்கு நாளுக்கு 500 வீதம் 3,000. ரயில், பஸ், உள்ளூர் வண்டிக்கு 3,500. தாள், வண்ணம், தூரிகைக்கு 6,500. கையிலிருந்து போகும் பணம் 46,040. சேமிப்புக் கணக்கில் இருப்பதைவிட 6,040 அதிகம்.

இதில் சேராத செலவு ஒன்று இருக்கிறது. ஃப்ரீலான்ஸருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. பயணத்தையும் சேர்த்து 8 நாள் வேலை நிற்கும். அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள், அதாவது ஆர்டர் பிடிக்கக் காட்டும் மாதிரித் தொகுப்புகள், சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று வெளியாகும். அதற்கு முந்தைய மாதங்கள்தான் உங்களுக்கு அறுவடைக் காலம். மாதத்துக்கு 25 வேலை நாள் என்று வைத்தால், 90,000 வரும் மாதத்தில் ஒரு நாள் 3,600. எட்டு நாளுக்கு 28,800. மே மாதப் பயிலரங்கின் உண்மையான விலை 74,840.

அதே பயிலரங்கு ஜனவரியில் என்றால்? 20,000 வரும் மாதத்தில் ஒரு நாள் 800. எட்டு நாளுக்கு 6,400. மொத்தம் 52,440. தேதியை மாற்றுவதால் மட்டுமே 22,400 ரூபாய் மிச்சம். இதோடு, மே கொடைக்கானலில் உச்ச சீசன். அறை வாடகை ஏறியிருக்கும், மலைப் பாதையில் வாகன நெரிசல் இருக்கும், நல்ல காட்சி முனைகளில் ஸ்டூல் போட்டு உட்காரக்கூட இடம் கிடைக்காது. ஜனவரி கடைசியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். அங்கே வரைந்தது கையில் சூட்டோடு இருக்கும்போதே அடுத்த ஆல்பத்துக்கான வேலையும் தொடங்கிவிடும். பணம், தொழில் இரண்டுக்கும் ஏற்ற தேதி அதுதான்.

எஃப்.டி-யைத் தொடாதீர்கள். 2 லட்சம் என்பது உங்கள் வீட்டுச் செலவுக்கு ஐந்து மாதத்துக்குச் சற்று மேல்தான் வரும். ஏற்ற இறக்கமான வருமானம் உள்ளவருக்கு 6 மாதச் செலவு, அதாவது 2,28,000 இருப்பதே குறைந்தபட்சம். அந்த நிதியே இன்னும் நிறையவில்லை.

'நோ காஸ்ட்' இஎம்ஐ-யில் வட்டித் தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். பெரிய கடைகள் அதைச் செய்யும். சின்ன அளவில் பயிலரங்கு நடத்துபவர் பெரும்பாலும் செய்யமாட்டார். வங்கி அதைச் சாதாரண இஎம்ஐ-யாகவே மாற்றும். 33,040 ரூபாய்க்கு 16% வட்டியில் 9 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 3,920. மொத்த வட்டி ஏறத்தாழ 2,240. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, செயலாக்கக் கட்டணம் தனி. உண்மையான நோ காஸ்ட் என்றாலும் வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும்.

நான் வேண்டாம் என்பது இந்த 2,500, 3,000 ரூபாய்க்காக மட்டும் அல்ல. மே மாதம் தொடங்கும் ஒன்பது தவணையில் கடைசித் தவணைகள் தீபாவளிக்குப் பிறகு, வருமானம் 20,000-க்கு இறங்கும் மாதங்களில் வந்து நிற்கும். அப்போது கார்டு பில்லை முழுதாகக் கட்ட முடியாமல் 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால், மீதிக்கு மாதம் சுமார் 3.5% வட்டி ஓடும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்குக்கூட வட்டியில்லாக் காலம் கிடைக்காது. அலுப்புத் தீரப் போன பயணம், பிடிக்காத ஆர்டர்களையும் ஏற்க வைக்கும் கடனாக மாறிவிடும்.

பணத்தை எப்படிச் சேர்ப்பது? மாதாமாதம் ஒரே தொகை கட்டும் ஆர்.டி. உங்களுக்குப் பொருந்தாது, மந்தமான மாதத்தில் தவணை தவறினால் அபராதம். இன்னொரு வங்கியில் தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, ஒவ்வொரு பேமென்ட் வந்த அன்றே அதில் 9 சதவீதத்தை மாற்றிவிடுங்கள். 90,000 வந்தால் 8,100, 20,000 வந்தால் 1,800. சராசரி 55,000-க்கு மாதம் 4,950. ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்து மாதத்தில் 49,500. தேவை 46,040.

வரிக் கழிவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆண்டு வருமானம் சுமார் 6.6 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. ஆகவே இந்தச் செலவைக் கழித்தாலும் மிச்சமாக ஒரு ரூபாய் வராது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உயர்ந்தால் கணக்கு மாறும்: வரவு செலவுக் கணக்கு எழுதித் தாக்கல் செய்பவர், முழுக்கத் தொழிலுக்காகச் செய்த பயிற்சிக் கட்டணம், பொருட்கள், பயணச் செலவைக் கழிக்கலாம். வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதத்தையே லாபமாகக் காட்டும் அனுமான முறையில் இருப்பவர் தனியாக எதையும் கழிக்க முடியாது. கழிப்பதாக இருந்தால் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள். அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள்.

நீங்கள் தேட வேண்டிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் பணம் தரும்போதே டிடிஎஸ் என்று வரியைப் பிடித்திருப்பார்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வரி இல்லை என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அது முழுவதும் திரும்ப வரும். தொழில்முறைக் கட்டணமாகக் கருதி எல்லோரும் 10% பிடித்திருந்தால் 66,000 வரை இருக்கும். ஒப்பந்த வேலையாகக் கருதியிருந்தால் 1% தான். வருவதை முதலில் எஃப்.டி-யை 2,28,000 ஆக்கப் பயன்படுத்துங்கள், மிஞ்சினால் பயிலரங்குக்கு.

பொருள் வாங்குவதில் பலர் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள். 24 வண்ணப் பெட்டி வேண்டாம். எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன், செருலியன் என்று ஆறு ட்யூப் போதும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தாலே மலைநிழலுக்கான சாம்பல் வகைகள் எல்லாம் கிடைக்கும். பணத்தைத் தாளில் போடுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) முழுப் பருத்தித் தாள்தான் ஈரத்தைப் பிடித்துவைத்து வண்ணத்தை மெல்லப் பரவ விடும். மரக்கூழ்த் தாளில் ஈரம் சீராக நிற்காது. பாதி காய்ந்த இடத்தில் மறுபடி தண்ணீர் பட்டால் ஓரம் பூக்கோசுபோல வெடிக்கும். மூடுபனி உள்ள மலையில் எல்லாமே மெதுவாகக் காய்வதால் இந்தத் தொல்லை கூடும். ஒரு முழுத் தாளில் (22×30 அங்குலம்) நான்கு துண்டு வரும். நாளுக்கு இரண்டு படம் என்றால் 6 நாளுக்கு மூன்று தாள். கெட்டுப்போவதற்கு இரண்டு சேர்த்து ஐந்து. தாளுக்கு 3,000, வண்ணத்துக்கு 2,000, தூரிகைக்கு 1,500 என்று ஒதுக்குங்கள்.

ஜனவரி வரை சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலைகளில் கூடி வெளியில் வரையும் குழுக்கள் சென்னையில் உண்டு, கட்டணம் இல்லை. நான்கைந்து ஞாயிறு போய்ப் பாருங்கள். அதிலேயே கை இளகினால், உங்களுக்குத் தேவைப்பட்டது மேசையை விட்டு வெளியே வருவதுதான் என்று தெரிந்துவிடும். 46,000 ரூபாய் மிச்சம். அங்கேயும் அலுப்பே வந்தால், உடம்பும் மனசும் ஓய்வு கேட்கின்றன என்று அர்த்தம். காலை முதல் மாலை வரை நிற்க வைக்கும் பயிலரங்கு ஓய்வு ஆகாது. அந்தப் பணத்தில் பத்து நாள் வேலை இல்லாமல் இருங்கள். வரைய ஆசை வந்து, வெளிச்சம் மாறும் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்கவில்லை என்று தோன்றினால்தான் ஆசிரியருக்குக் கொடுக்கும் காசு பலன் தரும்.

பதிவு செய்யுமுன் நடத்துபவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்? பன்னிரண்டுக்கு மேல் போனால் உங்கள் படத்தருகே அவர் நிற்கும் நேரம் சில நிமிடங்களாகக் குறையும். நாளில் எத்தனை மணி நேரம் அவர் வரைந்து காட்டுவார், எத்தனை மணி நேரம் நீங்கள் வரைவீர்கள்? மழை வந்தால் மாற்று இடம் எது? ஜிஎஸ்டி கேட்பவர் ரசீதில் ஜிஎஸ்டி எண் போட வேண்டும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது, அப்படியென்றால் 5,040 குறையும். முன்பணம் கால் பங்குக்கு, அதாவது 8,260-க்கு மேல் தராதீர்கள். போதிய ஆட்கள் சேராமல் அவர்களே ரத்து செய்தால் முழுப் பணமும் எத்தனை நாளில் திரும்பும் என்பது அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்பிருந்து எடுக்கலாம். கொடை ரோட்டுக்கு முன்பதிவு செய்யுமுன் பயிலரங்கு உறுதியாகிவிட்டதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.