வாசகர் கேள்வி: க்ளேர் டெனியின் ஆப்பிரிக்கா

கேள்வி: பிரெஞ்சு இயக்குநர் க்ளேர் டெனி ஆப்பிரிக்காவில் வளர்ந்தவராமே. அது அவர் படங்களில் எப்படித் தெரிகிறது? எதில் தொடங்கலாம்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: 1988இல் வந்த முதல் படமான ‘ஷொகொலா’வில் தொடங்குங்கள். டெனியின் தந்தை பிரெஞ்சுக் காலனி அரசின் அதிகாரி. கேமரூன், ஜிபூட்டி என்று மாற்றலாகிப் போன ஊர்களில்தான் மகளும் வளர்ந்தார். படத்தில் வரும் சிறுமியின் பெயரே ஃபிரான்ஸ். வடகேமரூனில் அவள் தந்தை அதிகாரி. அவளுக்கு உற்ற துணை வீட்டு வேலையாள் புரோத்தே.

கடைசிப் பகுதியில் ஜெனரேட்டர் அறைக் காட்சியைக் கவனியுங்கள். குழாய் சுடுமா என்று சிறுமி கேட்கிறாள். புரோத்தே பதில் சொல்லாமல் அதைக் கையால் பற்றுகிறார். நம்பி அவளும் பற்ற, உள்ளங்கை வெந்துவிடுகிறது. அவர் கையும்தான். அதற்குச் சற்று முன்பு அவள் தாய் அவரை வீட்டு வேலையிலிருந்து விலக்கியிருக்கிறாள். காரணம் (தாயின் ஈர்ப்புக்கு அவர் இணங்காதது) படம் பார்க்கும் நமக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. ஆளும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அன்பு கிடைத்தது, அதன் விலை யார் கொடுத்தது என்பது பின்னால்தான் புரிந்தது. புரிந்த பிறகும் அதைப் பேசி விளக்காமல் விட்டதுதான் டெனியின் பெரிய பலம் என்பேன்.

அடுத்து ‘போ த்ரவாய்’ (1999). ஜிபூட்டியின் வெயிலில் பிரெஞ்சு அந்நியப் படையினர் (வெளிநாட்டவரையும் சேர்க்கும் பிரெஞ்சு ராணுவப் பிரிவினர்) பயிற்சி செய்ய, உள்ளூர்ப் பெண்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இங்கே பார்க்கப்படுபவர்கள் பிரெஞ்சுப் படையினர். ‘வைட் மெட்டீரியல்’ (2009) படத்தில் உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் காப்பித் தோட்டத்தை விட்டுப் போக மறுக்கும் பிரெஞ்சுப் பெண் வருகிறாள். புரோத்தேயாக நடித்த இசாக் தெ பான்கொலே அதில் கிளர்ச்சித் தலைவர்!

கேள்வி: சிறுவயது நினைவைக் குறும்படமாக எடுக்கிறேன். எங்கே சறுக்கும்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் கேமரா உயரத்தில். ஏழு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 110 செ.மீ. படம் முழுக்க அங்கேயே வைத்தால் பெரியவர்கள் எல்லோரும் ராட்சதர்களாகி, அவர்கள் முகத்தில் ஓடும் தயக்கம் பதிவாகாது. ‘ஷொகொலா’வில் ஓர் இரவுக் காட்சி: திரைச்சீலையை இழுக்கும் புரோத்தேயின் காலைத் தாய் தொடுகிறாள்; அவர் அவளைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார். வசனமே கிடையாது. இது பிள்ளை பார்த்த காட்சியல்ல. வளர்ந்த பிறகு ஊகிக்கக்கூடியது.

ஷாட் பட்டியலை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள்: பிள்ளை கண்டது, பின்னால் தெரிந்தது. அந்த 110 செ.மீ. உயரம், முதல் பத்திக்கு மட்டும். இரண்டாவதில் பிள்ளையை ஃப்ரேமுக்குள் விடாதீர்கள், குரல்வழி விளக்கமும் வேண்டாம்.